செய்யாத தப்புக்கு ஒரு ஸ்தோத்திரம்

சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிய அதிகாரி, பிறந்த ஊர் என்ற இடத்தில் விரலை வைத்து நிமிர்ந்தார். "நாசரேத்தா? அந்த நாசரேத்தா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, திருச்செந்தூர் பக்கத்து நாசரேத், மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன் என்றேன். கிறிஸ்மஸுக்கு நாசரேத்திலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று பக்கத்துக் கூண்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார்.

அடுத்த தடை ஒரு நாய். காது தொங்கும் குட்டை நாய். என் மனைவி எஸ்தரின் பெட்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. பெட்டியைத் திறந்தால் அவள் மூன்று நாள் இடித்து, பிடித்து, பொரித்த முந்திரிக்கொத்து. கையுறை போட்ட பெண் ஒருத்தி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதில் விதை இருக்கிறதா?" என்று கேட்டாள். வறுத்து இடித்துக் கருப்பட்டிப் பாகில் உருட்டிய பாசிப்பயறு முளைத்து அமெரிக்காவை என்ன செய்துவிடும் என்று கேட்க வாயெடுத்தேன். எஸ்தர் என் முழங்கையைக் கிள்ளினாள்.

மகள் ஜெமிமா சான் ரமோனில் இருக்கிறாள். மருமகன் ரூபனுக்கும் அவளுக்கும் கம்ப்யூட்டர் வேலை, ஆறு வயதுப் பேத்தி ஒருத்தி. அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு காற்றடைத்த கிறிஸ்மஸ் தாத்தாக்கள் நின்றார்கள். மாலையில் மோட்டார் போட்டால் எழுந்து நின்று கையாட்டுவார்கள். பகலில் காற்று இறங்கி, குடித்துவிட்டு விழுந்த ஆள்போலப் புல்லில் குப்புறக் கிடப்பார்கள். எதிர்வீட்டுக் கோயம்புத்தூர்க்காரர்கள் மாரியம்மன் படத்துக்கு விளக்கேற்றுகிறவர்கள். அவர்கள் வீட்டு மரம்தான் தெருவிலேயே பெரியது. என் மகள் வீட்டு மரம் பிளாஸ்டிக், பெட்டியிலிருந்து எடுத்து மூன்று துண்டாகச் சொருகியது. அதற்கு வாசனை வேண்டுமென்று பைன் மணம் வீசும் மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றி வைத்திருந்தாள்.

எங்கள் ஊரில் கிறிஸ்மஸ் அன்று விடிவதற்கு முன்பே மணி அடிக்கும். சலவை மணம் போகாத சட்டையில் ஊரே கோயிலுக்கு நடக்கும். இங்கே தமிழ் ஆராதனை மத்தியானம் மூன்று மணிக்கு. குபெர்டினோவில் ஓர் அமெரிக்கச் சபையின் மண்டபம். காலையில் அது அவர்களுக்கு வேண்டும். ஆண்டவர் பிறந்ததே அடுத்தவர் இடத்தில்தான் என்பதால் எனக்கு அதில் குறை இல்லை. சாப்பிட்டுக் கண் சொருகும் நேரத்தில் பிறந்தாரா என்பதுதான் கேள்வி.

"டேனி அங்கிள் சாட்சி சொல்வாங்கப்பா. எவ்ரி இயர் சொல்வாங்க. எல்லாரும் அழுதுருவாங்க" என்றாள் ஜெமிமா, முந்தின நாள் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே. சாட்சி என்றால் ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சபை முன்னால் எழுந்து சொல்வது.

டேனி அங்கிளை எனக்கு எட்டு வருஷமாகத் தெரியும், மகள் போனில் சொல்லி. ஜெமிமா முதன்முதலில் இங்கே வந்து இறங்கியபோது விமான நிலையத்திலிருந்து அழைத்துப் போனவர். பேத்தி பிறந்தபோது அவர் மனைவி ஒரு மாதம் ரசமும் பருப்புத் துவையலும் கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல மனிதர் என்று நானும் ஜெபத்தில் சொல்லியிருக்கிறேன்.

கிறிஸ்மஸ் அன்று கிளம்பும்போதே மின்சாரக் காரில் சார்ஜ் இல்லை. இரவு முழுக்கச் சொருகியிருந்த ஒயர் சுவரில் சரியாகப் பொருந்தவில்லையாம். முப்பது வருஷம் ஒயரோடு வாழ்ந்தவன் நான் வீட்டிலேயே இருக்கிறேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. பாதி வழியில் ஒரு கடைத்தெரு வாகன நிறுத்தத்தில் சார்ஜ் ஏற்ற வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஆறு கார்கள். ரூபன் போனில் சதவீதத்தை வாசித்துக்கொண்டே இருந்தான்.

பக்கத்தில் நின்ற பழைய டிரக்கிலிருந்து ஒரு மெக்சிகோ அம்மாள் இறங்கி வந்து, எஸ்தரின் பட்டுப்புடவையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடான பொட்டலம் இரண்டைக் கொடுத்தாள். சோளத் தோலில் மாவை வைத்து அவித்தது, உள்ளே காரமான இறைச்சி. அவர்களுக்கும் இது கிறிஸ்மஸ் பலகாரமாம். "நம்ம ஓலைக் கொழுக்கட்டையில கறி வச்ச மாதிரி இருக்கு" என்றாள் எஸ்தர். பதிலுக்கு நாலு முந்திரிக்கொத்தைக் கொடுத்தாள். அந்த அம்மாள் விதை இருக்கிறதா என்று கேட்கவில்லை. கடித்தாள், கண்ணை மூடினாள், இன்னொன்று எடுத்துக்கொண்டாள்.

நாங்கள் போய்ச் சேரும்போது பாட்டு முடியும் தறுவாயில் இருந்தது. கிடார், டிரம்ஸ், திரையில் ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பாட்டு. கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். பிறகு டேனி அங்கிள் மைக்கைப் பிடித்தார். கறுத்த சாயம் போட்ட தலை, நல்ல கோட்டு, கொஞ்சம் தொந்தி. குரல் மட்டும் எங்கோ கேட்ட மாதிரி இருந்தது.

"காலேஜ்ல நான் ஒரு பாவம் செஞ்சேன். தெர்மோடைனமிக்ஸ் எக்ஸாம். பிட்டு கொண்டுபோனேன். பறக்கும் படை உள்ள வந்துருச்சு. பயத்துல கை நடுங்குச்சு. பிட்டு கீழ விழுந்துருச்சு. பக்கத்துல இருந்த ஒரு தம்பியோட காலடியில போய் விழுந்துச்சு. அந்தத் தம்பியைப் பிடிச்சுட்டாங்க."

சபை 'உச்' கொட்டியது. எஸ்தர் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"எனக்குக் கேம்பஸ்ல வேலை கிடைச்சுது. அமெரிக்கா வந்தேன். ஆனா மனசுல சமாதானம் இல்ல. ஒரு கிறிஸ்மஸ் அன்னைக்குக் கார்ல தனியா உட்கார்ந்து கதறினேன். ஆண்டவர் சொன்னார், மகனே, உன்னை மன்னிச்சேன்னு. அன்னைக்குப் போன பாரம் இன்னைக்கு வரைக்கும் திரும்பி வரல. அந்தத் தம்பியும் எங்கேயோ நல்லா இருப்பார்னு விசுவாசிக்கிறேன். அந்த மன்னிப்புக்காக ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்" என்றார்கள் நூற்றைம்பது பேர். முன் வரிசையில் ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். கிடார்க்காரர் மெல்ல ஒரு தந்தியைத் தட்டினார், துக்கத்துக்குப் பின்னணியாக.

எங்கேயோ நல்லா இருக்கும் அந்தத் தம்பி நான்தான். மைக்கைப் பிடித்து நின்றவன் டேனியல். மூன்றாம் வருஷம் எனக்கு இடப்பக்கத்து மேசையில் இருந்தவன், கல்லூரிப் பாடகர் குழுவின் முதல் குரல். பிட்டு விழவில்லை. செருப்புக் காலால் அதை என் மேசைக்கடியில் தள்ளினான். நான் பார்த்தேன். முதல்வரிடம் சொன்னேன். முதல்வர் அவனைக் கூப்பிட்டுக் கேட்டார். இல்லை சார் என்றான். என்னை இரண்டு வருஷம் பரீட்சை எழுதக் கூடாது என்று வெளியே அனுப்பினார்கள். நான் திரும்பப் போகவில்லை.

படிப்புப் போனதை நான் பெரிதாக நினைக்கவில்லை. மோட்டாருக்குக் காயில் கட்டியும் சாப்பிடலாம். என் அப்பா நாசரேத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோயிலில் உபதேசியார், ஆராதனை நடத்துகிறவர். கல்லூரிக் கடிதம் டிசம்பர் நடுவில் வந்தது. பத்து நாள் சொன்னேன், நான் செய்யவில்லை என்று. பாவத்தைவிட அதை மறைப்பது பெரிய பாவம் என்றார். கிறிஸ்மஸ் ஆராதனையில் என்னை முன்னால் கூப்பிட்டு முழங்கால் போடச் சொன்னார். "என் மகன் தவறினான். கர்த்தர் அவனை மன்னித்தார். நானும் மன்னித்தேன்" என்று சபைக்குச் சொன்னார். பிறகு குனிந்து என் காதில், "ஸ்தோத்திரம் சொல்லுடா" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. சொன்னேன்.

அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் உயிரோடு இருந்தார். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் மறுத்துச் சண்டையாவது போட்டிருப்பேன். முழுசாக மன்னித்துவிட்டார். செய்யாத தப்புக்கு அப்படி மன்னிக்கப்பட்டவனுக்குத்தான் தெரியும், அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாத அவஸ்தை.

சாப்பாட்டு வரிசை மண்டபத்தின் பின்பக்கம். அலுமினியத் தட்டுகளில் மட்டன் பிரியாணி, அவித்த முட்டை, தயிர்ப் பச்சடி. பிள்ளைகளுக்குத் தனியாகப் பீட்சா. பிரியாணி பரிமாறியது டேனியலேதான், கையில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு. பணிவு.

"ஜெமியோட அப்பாவா? ஸ்தோத்திரம் அங்கிள். பீஸ் போடட்டுமா?" என்றான்.

என் வயதுதான் அவனுக்கும். அங்கிளாம். தலைக்குப் போட்ட சாயம் மூளை வரை இறங்கியிருந்தது.

"மூணாவது வரிசை. உனக்கு வலது பக்கத்து மேசை. நான் தங்கராஜ்" என்றேன்.

கரண்டி அந்தரத்தில் நின்றது. முகம் வெளிறியது. அது உண்மையான முகம். ஆனால் ஒரு நிமிடம்தான். கரண்டியை வைத்துவிட்டு, எண்ணெய் உறையோடு என்னைக் கட்டிப் பிடித்தான்.

"இது கர்த்தர் நடத்துற காரியம் தங்கராஜ். வர்ற சண்டே நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஸ்டேஜ்ல நிப்போம். எத்தனை பேருக்கு ஆசீர்வாதமா இருக்கும் தெரியுமா."

"பிட்டு விழுந்துச்சுன்னு சொன்னியே. விழுந்துச்சா?"

அவன் கரண்டியை மறுபடி கையில் எடுத்தான்.

"எங்கப்பா செத்துட்டாவ. நான் காப்பி அடிச்சவன்னு நெனச்சுக்கிட்டே செத்துட்டாவ. எங்க அக்கா நாசரேத்துல இருக்கா. அவளும் இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் நெனச்சிட்டு இருக்கா. நீ அவகிட்ட சொல்லணும்."

"முப்பத்தாறு வருஷம் ஆச்சு" என்றான், குரலைத் தாழ்த்தி. "என் பசங்க இங்க இருக்காங்க. ஆண்டவரே அதை எப்பவோ துடைச்சுட்டார். திரும்பக் கிளறணுமா?"

"துடைச்சது உன் சிலேட்ட. என்னோடது அப்படியேதான் இருக்கு."

எனக்குப் பின்னால் நின்றவர், லைன் நகரவில்லையே என்று எட்டிப் பார்த்தார். நான் வெறும் தட்டோடு நகர்ந்தேன். நல்ல பிரியாணி என்று எஸ்தர் பிறகு சொன்னாள்.

திரும்பும்போது ஜெமிமா ஓட்டினாள். ரூபன் பின்னால் பேத்தியோடு தூங்கிவிட்டான். "டேனி அங்கிள் இன்னைக்கு ரொம்ப ஷார்ட்டா முடிச்சிட்டாங்கல்ல" என்றாள்.

"ஆமா, உங்கப்பாவ விட்டுட்டுச் சொன்னா ஷார்ட்டாத்தான் முடியும்" என்றாள் எஸ்தர். பிறகு எல்லாவற்றையும் அவளே சொன்னாள். வீட்டில் வசதி இல்லாததால் நான் படிப்பை விட்டேன் என்றுதான் மகளுக்குச் சொல்லி வளர்த்திருந்தோம். ஜெமிமா கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல் கேட்டாள். திரும்ப வேண்டிய எக்ஸிட்டை விட்டுவிட்டாள்.

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

அவளை யாரையும் தெரியாத ஊரில் அழைத்துப்போய் சோறு போட்டவன் அவன். இரண்டு எக்ஸிட் கடந்து போயிற்று. "நம்பியிருப்பேன்ப்பா" என்றாள். அந்த இரண்டு எக்ஸிட் நேரத்துக்காக நான் அவளைக் குறை சொல்லவில்லை. யோசிக்காமல் நம்புகிறவர்களை அன்றைக்கு நிறையப் பார்த்துவிட்டேன்.

மறுநாள் காலை ரூபன் எங்களை ஒரு மலைக்கு அழைத்துப் போனான். புல் காய்ந்து கிடந்தது. மேலே ஒரு கடையில் காப்பி என்று கழுவின தண்ணீரைப் பெரிய குவளையில் கொடுத்தார்கள். நான் எதையும் ரசிக்கவில்லை. பொன்னிறமான மலை என்று ரூபன் சொன்னபோது, மழை இல்லை என்றேன்.

சாயங்காலம் ஆறரைக்குக் கதவு தட்டப்பட்டது. டேனியல், தனியாக, கையில் பிளம் கேக் டப்பாவோடு. சாயம் இல்லாத இடத்தில் தாடி வெள்ளையாக முளைத்திருந்தது. கேக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு சோபா நுனியில் உட்கார்ந்தான். எஸ்தர் காப்பி கொண்டுவந்து வைத்தாள், வாங்க என்று சொல்லாமல்.

"ஒய்ஃப்கிட்ட சொல்லிட்டேன்" என்றான். "அவளுக்கும் நான் விழுந்துச்சுன்னுதான் சொல்லியிருந்தேன். உங்க அக்காவுக்கு இப்ப போன் பண்ணலாமா?"

ஊரில் அப்போது மறுநாள் காலை எட்டு மணி. ஜெமிமா வீடியோ கால் போட்டாள். அக்கா எப்போதும்போல நெற்றியை மட்டும் காட்டினாள். ரூத் அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. என் நண்பன் பேச வேண்டுமாம் என்று சொல்லி அவனிடம் கொடுத்தேன்.

"சிஸ்டர், கர்த்தருடைய பெரிதான கிருபையினால..." என்று ஆரம்பித்தான்.

"கர்த்தர விடு. நீ சொல்லு" என்றேன்.

அவன் போனை இரண்டு கையாலும் பிடித்தான். "அக்கா, என் பேரு டேனியல். தங்கராஜோட படிச்சவன். அந்தப் பிட்டு என்னுடையது. நான் எழுதுனது. ஸ்குவாடு வந்ததும் காலால அவன் பக்கம் தள்ளிவிட்டேன். முதல்வர் கேட்டப்ப பொய் சொன்னேன். தங்கராஜ் ஒண்ணும் செய்யல."

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது. இரண்டாவது விசிலும் அடித்தது.

"எங்கப்பா இருக்கும்போது சொல்லியிருக்கலாமே ஐயா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை. டேனியல் தலையைக் குனிந்துகொண்டான். "தம்பிகிட்ட குடுங்க."

வாங்கினேன். இப்போது அவள் முகம் முழுசாகத் தெரிந்தது.

"ராஜு, அன்னைக்கு நீ முட்டங்கால் போட்டப்ப நான் மொதப் பாயில இருந்தேன். உன் மொகத்தப் பார்த்தேன். இவன் செய்யலன்னு எனக்குப் பட்டுச்சுடா. அப்பாவ எதுத்துப் பேச பயந்துக்கிட்டு இருந்துட்டேன். பெறவு அப்பா சொன்னதே சரின்னு நானும் நம்பிக்கிட்டேன், அதுதான் லேசா இருந்துச்சு. என்ன மன்னிச்சிருடா."

எனக்கு எல்லோரையும் பற்றிச் சொல்ல ஒரு சொல் கையில் இருக்கும். விமான நிலையத்து நாய்க்குக்கூட இருந்தது. அக்காவுக்கு ஒன்றும் வரவில்லை. "சரிக்கா" என்ற சொல்தான் வந்தது, அவள் முடிப்பதற்குள்ளேயே. அதில் நான் யோசித்துச் செய்தது எதுவும் இல்லை. மன்னிப்பு இவ்வளவு சுலபமாகப் போகும் என்று தெரியாது. போன பிறகு நெஞ்சில் இருந்த இடம் காலியாகி, மூச்சு கொஞ்சம் கூடுதலாக உள்ளே போனது. ஆண்டவருக்கு நன்றி சொல்ல அப்போதுதான் எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. மனசுக்குள் சொன்னேன். யாரும் காதில் சொல்லிக் கொடுக்கவில்லை.

"அழாத. குக்கர அணை" என்றேன் அக்காவிடம்.

போனை வைத்ததும் டேனியல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்கப் போகிறான் என்று தெரிந்தது. கேட்டான். "என்னையும் மன்னிப்பியா தங்கராஜ்?"

"இன்னும் வரல" என்றேன். "வராதத வந்துருச்சுன்னு சொல்லத் தெரியாது எனக்கு. உங்க ஆளுக மாதிரி மைக்கும் கிடாரும் இல்ல எங்கிட்ட."

அவன் தலையாட்டினான். அதுவரை குடிக்காமலே வைத்திருந்த காப்பியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். வாசலில் ஷூ மாட்டும்போது, "சண்டே திரும்பச் சொல்றேன். உன் பேரைச் சொல்லலாமா?" என்றான்.

"என் பேரு வேண்டாம். உன் பேரச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை நான் போக வேண்டாம் என்றிருந்தேன். எஸ்தர் சேலை கட்டி முடித்துவிட்டதால் போனேன். காரில் சார்ஜ் இருந்தது, முந்தின நாள் நானே அந்தச் சொருகியைக் கழற்றி மாட்டியிருந்தேன்.

டேனியல் கோட்டு போடவில்லை. கிடார்க்காரரைப் பார்த்து, வேண்டாம் என்று கையைக் காட்டினான். "போன வாரம் நான் உங்ககிட்ட பொய் கலந்து சொன்னேன். எட்டு வருஷமா அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன்" என்று ஆரம்பித்தான். தள்ளினேன் என்றான். முதல்வரிடம் பொய் சொன்னேன் என்றான். ஒருவனுடைய அப்பா தன் மகனைப் பற்றித் தவறாக நினைத்தே இறந்துபோனார், அது என்னால் என்றான். யாருக்கும் நன்றி சொல்லவில்லை. மைக்கைக் கம்பியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான். மூன்று நிமிடம் இருக்கும்.

ஸ்தோத்திரம் சொல்வதா வேண்டாமா என்று சபைக்குத் தெரியவில்லை. ஒருவர் பாதி சொல்லி விழுங்கினார். பாஸ்டர் எழுந்து, வாகனங்களை வேலி ஓரமாக நிறுத்த வேண்டாம் என்று அறிவித்தார்.

ஆராதனை முடிந்ததும் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும். அன்றைக்குப் பரிமாற வேறு யாரோ நின்றார்கள். போன வாரம் டேனி அங்கிளைச் சுற்றி நின்றவர்கள், இந்த வாரம் தூரத்து மேசையில் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி மும்முரமாகப் பேசினார்கள். பாரம் இறங்கிய கதையைக் கேட்க வந்தவர்கள். பாரம் எவ்வளவு என்று பார்த்ததும் தள்ளி உட்கார்ந்துவிட்டார்கள்.

அவன் தட்டைப் பிடித்துக்கொண்டு எங்கே உட்காருவது என்று பார்த்தபடி நடுவில் நின்றான். என்னைப் பார்த்தான், உடனே பார்வையை மாற்றிக்கொண்டான்.

பக்கத்து நாற்காலியில் கிடந்த என் குளிர்கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.